அழுத்தாத பொத்தான்

அனகாபுத்தூர்த் தறிகளில் ஒரு காலத்தில் ஓடிய துணியை அனகாபுத்தூரில் யாரும் உடுத்தியதில்லை. பல்லாவரம், பம்மல் தாண்டி அடையாற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. இங்கே நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு ஏற்றுமதிச் சந்தையில் ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்று பெயர். பெயரில்தான் கைக்குட்டை. நைஜீரியாவில் அதை இடுப்பில் சுற்றினார்கள், தலையில் கட்டினார்கள். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் மெட்ராஸ் துணியை ‘இஞ்சிரி’ என்று அழைத்துச் சடங்குத் துணியாகவே போற்றினார்கள். அதன் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து உருவிப் புதுக் கோலங்கள் உண்டாக்கும் கலையையும் வளர்த்தார்கள். 1970களில் நைஜீரியா துணி இறக்குமதிக்குக் கதவடைத்தது. தறிகள் ஓய்ந்தன. துணி யாருக்குப் போகிறது என்று நெய்தவருக்குத் தெரியாது. யார் நெய்தது என்று உடுத்தியவருக்குத் தெரியாது. எல்லாம் ஒரே வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அது அடைபட்ட பிறகு தட்டுவதற்கு வேறு கதவு இல்லை.

பிற்பாடு இந்த ஊர் பெயர் பெற்றது இயற்கை நாரால். நெசவாளர் சி. சேகரும் அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கத்தினரும் வாழை, சணல், கற்றாழை, மூங்கில், அன்னாசி என்று கைக்குக் கிடைத்த நாரையெல்லாம் தறியில் ஏற்றிப் பார்த்தார்கள். 25 வகை நார்களைச் சேர்த்து நெய்த சேலை லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தது. வாழைநாரைப் பருத்தியோடோ பட்டோடோ கலந்து நெய்யும் சேலை இன்று பத்திரிகைகளிலும் கண்காட்சிகளிலும் பேசப்படுகிறது. ஆனால் இது விலை குறைவு என்று சொல்லி விற்கிற சரக்கல்ல. பார்த்தவர் வியந்து, அடுத்தவரிடம் காட்டி, அவரும் வியந்தால்தான் விற்கும். ஒருவர் இன்னொருவருக்குக் காட்டுவது, அதாவது பகிர்வது, இந்தத் தொழிலுக்கு உயிர்நாடி. அந்தப் பகிர்வு கைப்பேசிக்குள் எப்படி நடக்கிறது, அதற்கென்று வைத்த பொத்தான்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒரு நெசவாளர் குடும்பம் தங்கள் சேலைகளுக்கு வலைத்தளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் முடிந்த பிறகு, தளம் செய்து கொடுக்கும் பையன் கேட்பான்: “ஷேர் பட்டன்லாம் போட்டுடட்டுமாண்ணா? ஃப்ரீதான்.” ஃபேஸ்புக், எக்ஸ், வாட்ஸ்அப், லிங்க்ட்இன், பின்ட்ரெஸ்ட் என்று வண்ண வண்ணமாக ஒரு வரிசை. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. ஃப்ரீ என்ற அந்தச் சொல்லைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருந்தாலும் பகிர்வுப் பொத்தான்கள் இரண்டு சாதி. ஒன்று வெறும் இணைப்பு. படத்தைத் தொட்டால் வாட்ஸ்அப்போ ஃபேஸ்புக்கோ திறக்கும். தொடாதவரை எதுவும் நடக்காது. இன்னொன்று அந்தந்த நிறுவனமே தரும் பொத்தான். 2010 ஏப்ரல் 21 அன்று ஃபேஸ்புக் தன் ‘லைக்’ பொத்தானை வெளித் தளங்களுக்கெல்லாம் திறந்துவிட்டது. முதல் 24 மணி நேரத்திலேயே வலையெங்கும் 100 கோடி லைக்குகளை வழங்கப்போகிறோம் என்று மார்க் ஜக்கர்பர்க் மேடையில் அறிவித்தார். தளத்தில் சில வரி நிரலை ஒட்டினால் போதும். பொத்தான் தானே வந்து உட்காரும்.

‘தானே வந்து உட்காரும்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மதுரையில் ஒரு பெண் கைப்பேசியில் நம் வாழைநார்ச் சேலைப் பக்கத்தைத் திறக்கிறார். பக்கம் முதலில் வெறும் எழுத்தாக வருகிறது. அதைப் பிரவுசர் மேலிருந்து கீழாகப் படிக்கிறது. ‘இந்தப் படத்தை நெசவாளரின் சர்வரிலிருந்து எடு’ என்று ஒரு வரி, எடுக்கிறது. ‘இந்த நிரலை ஃபேஸ்புக்கின் சர்வரிலிருந்து எடுத்து ஓட்டு’ என்று இன்னொரு வரி, அதையும் எடுக்கிறது. எடுக்கப் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. எந்த இணைய முகவரியிலிருந்து கேட்கிறது, என்ன கைப்பேசி, என்ன பிரவுசர், எந்தத் தளத்திலிருந்து அனுப்பப்பட்டது என்பதெல்லாம் கேள்வியோடு சேர்ந்தே போகின்றன. கூடவே ஒரு குக்கியும் போகிறது.

குக்கியை 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கினார். அதுவரை ஒரு தளத்துக்கு நீங்கள் இரண்டாம் முறை போனாலும் அது உங்களைப் புதியவராகவே பார்க்கும். கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்தில் மறந்துபோகும். அந்த மறதிக்கு மருந்தாகத்தான், தளம் உங்கள் பிரவுசரில் ஒரு சிறு அடையாளச் சீட்டை விட்டு வைக்கும் ஏற்பாடு வந்தது. ஒரு தளம் வைத்த குக்கி அந்தத் தளத்துக்கு மட்டுமே திரும்பிப் போகும் என்பது அதன் விதி. நல்ல விதிதான். நெசவாளரின் தளம் ஃபேஸ்புக்கின் குக்கியைப் படிக்க முடியாது. ஆனால் அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஃபேஸ்புக்கின் துண்டு ஒன்றை நாமே கொண்டுவந்து வைத்துவிட்டால்? அந்தத் துண்டை எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும், பிரவுசர் தடுக்காதவரை, ஃபேஸ்புக்கின் குக்கி ஃபேஸ்புக்குக்கே போகும். விதி மீறப்படவில்லை, ஆனாலும் மதுரைப் பெண் வாழைநார்ச் சேலை பார்த்தது அங்கே பதிவாகிவிடும். கடை உங்களுடையது, கல்லாவுக்குப் பக்கத்தில் வேறொருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, வந்தவர் பெயரையெல்லாம் எழுதிக்கொள்கிறார்.

அவர் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டியதே இல்லை. பக்கம் திறந்தாலே போதும்.

இதே கேள்வி ஒரு துணிக்கடை வழியாகத்தான் ஐரோப்பாவின் உச்ச அளவிலான நீதிமன்றத்துக்குப் போனது. ஜெர்மனியில் இணையத்தில் ஆடை விற்கும் ‘ஃபேஷன் ஐடி’ என்ற நிறுவனம் தன் தளத்தில் லைக் பொத்தானை வைத்திருந்தது. நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநில நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. ஃபேஸ்புக்கில் கணக்கே இல்லாதவர், பொத்தானைத் தொடவே தொடாதவர், அவர்களுடைய தகவலும் சொல்லாமல் கொள்ளாமல் ஃபேஸ்புக்குக்குப் போகிறதே என்பது குற்றச்சாட்டு. லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜூலை 29 அன்று தீர்ப்புச் சொன்னது: தகவலைத் திரட்டி அனுப்பிவைக்கும் கட்டம் வரைக்கும் பொத்தானைப் பதித்த கடைக்காரரும் ஃபேஸ்புக்கோடு கூட்டுப் பொறுப்பாளி. அதற்குப் பிறகு ஃபேஸ்புக் அந்தத் தகவலை என்ன செய்கிறது என்பதற்கு அவர் பொறுப்பல்ல. கடைக்காரருக்கு இதில் என்ன லாபம் என்றும் நீதிமன்றம் யோசித்தது. பொத்தானால் தன் பொருளுக்கு விளம்பரம் கிடைக்கிறது. அந்த ஆதாயத்துக்காக, மறைமுகமாகவாவது, அவர் இதற்கு இசைந்திருக்கிறார் என்றது. நான் படித்தவற்றில், ஒரு சிறு வணிகத் தளத்தின் மூலையில் இருக்கும் பொத்தானை இவ்வளவு நிதானமாகப் பிரித்துப் பார்த்த எழுத்து வேறில்லை. இந்தியாவிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது; 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாயின. ‘வாடிக்கையாளரிடம் கேட்டாயா’ என்ற கேள்வி இங்கும் வாசலுக்கு வந்துவிட்டது.

எல்லாப் பொத்தான்களையும் ஒரே கட்டாகத் தரும் சேவைகளும் இருந்தன. அவற்றில் பெரியது ‘ஆட்திஸ்’. 2014இல் பிரின்ஸ்டன், லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகின் முன்னணித் தளங்கள் ஒரு லட்சத்தை அலசியபோது, அவற்றில் 5 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் ஒரு விநோத வேலை நடப்பதைக் கண்டார்கள். பக்கத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், ஒரு வாக்கியத்தை வரையச் சொல்லிக் கைப்பேசிக்கோ கணினிக்கோ உத்தரவு போகிறது. ஒரே வாக்கியம்தான். ஆனால் கிராஃபிக்ஸ் சிப், எழுத்துரு, இயங்குதளத்தின் பதிப்பு இவற்றைப் பொறுத்து எழுத்தின் விளிம்பில் விழும் புள்ளிகளின் நிறம் கருவிக்குக் கருவி இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தை ஒரு எண்ணாகச் சுருக்கினால் அது கருவியின் கைரேகை. குக்கியை அழிக்கலாம், இதை அழிக்க முடியாது. அப்படிக் கண்டுபிடித்த தளங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவை ஆட்திஸ்ஸின் பகிர்வுப் பொத்தான்கள். 2016இல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2023 மே 31 அன்று சேவையையே நிறுத்தியது. அதை நம்பியிருந்த தளங்களின் பொத்தான் வரிசை ஒரே நாளில் செத்தது.

லைக் பொத்தானுக்கும் அதே கதி. வெளித் தளங்களுக்கான லைக், கமென்ட் பொத்தான்களை 2026 பிப்ரவரி 10 முதல் விலக்கிக்கொள்வதாக மெட்டா முந்தைய நவம்பரில் அறிவித்தது. நிரலைத் தளத்திலிருந்து எடுக்காமல் விட்டாலும் பிழை எதுவும் காட்டாது. பொத்தான் இருந்த இடம் சுழிக்குச் சுழி அளவுள்ள புள்ளியாக, அதாவது ஒன்றுமே இல்லாததாக, ஆகிவிடும் என்பது அவர்கள் தந்த விளக்கம். வாசல் வேறொருவர் கையில் இருந்தால் மூடும் நாளையும் அவரே குறிப்பார். அனகாபுத்தூருக்கு இது புதிய பாடமல்ல.

சரி, கண்காணிப்பு ஒருபுறம் இருக்கட்டும். யாராவது அந்தப் பொத்தான்களை அழுத்துகிறார்களா? பிரிட்டன் அரசின் ‘கவ் டாட் யூகே’ தளத்தில் பகிர்வுப் பொத்தான்களை வைத்து, முதல் பத்து வாரக் கணக்கை 2014இல் வெளியிட்டார்கள். ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் இரண்டு முறைதான் பொத்தான் அழுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மூவ்வெப் என்ற நிறுவனம் கைப்பேசிப் பயனர்களைப் பற்றி வெளியிட்ட கணக்கும் ஏறக்குறைய அதே ஆயிரத்துக்கு இரண்டுதான். மாதம் ஐந்நூறு பேர் வரும் நெசவாளர் தளத்தில் மாதம் ஒருவர் அழுத்தினால் அதுவே சராசரி.

இதில் ‘எத்தனை பேர் பகிர்ந்தார்கள்’ என்று எண்ணைக் காட்டும் பொத்தான் இன்னும் மோசம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. முன்பின் கேள்விப்படாத 48 பாடல்களை 14,341 பேர் முன் வைத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல்களை மட்டும் காட்டினார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் ஒவ்வொரு பாடலையும் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எண் தெரிந்த உலகங்களில் ஏற்றத்தாழ்வு கூடியது: ஓடிய பாடல் இன்னும் ஓடியது, தங்கிய பாடல் இன்னும் தங்கியது. எது ஓடும் என்பதும் உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாடல் அடியில் கிடப்பது அரிது, மிக மோசமானது உச்சிக்குப் போவதும் அரிது; நடுவில் இருந்தவை எங்கே வேண்டுமானாலும் போயின.

இதைச் சேலைப் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்து நாள் தறியில் உட்கார்ந்து நெய்த சேலைக்குப் பக்கத்தில் ‘0’ என்று ஒரு எண். பார்ப்பவர் மனத்தில் ‘யாருக்குமே பிடிக்கவில்லை போலிருக்கிறது’ என்று அது சொல்லும். அந்தச் சேலையை அதுவரை பார்த்தவர்களே பன்னிரண்டு பேர்தான் என்பதைச் சொல்லாது. எனக்கு இதில் இரண்டாம் எண்ணமே இல்லை: சிறு கடைக்காரர் அந்த எண்ணைக் காட்டக் கூடாது.

பொத்தானை அழுத்துவதில்லை என்பதால் மக்கள் பகிர்வதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பகிர்கிறார்கள், ஏராளமாக. வேறு வழியில். முகவரியை நகலெடுத்து ஒட்டுகிறார்கள். பிரவுசரின் மூன்று புள்ளியைத் தொட்டு அனுப்புகிறார்கள். படத்தை அழுத்திப் பிடித்துச் சேமித்து அனுப்புகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸிஸ் மாட்ரிகல் 2012இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் இதற்கு ‘டார்க் சோஷியல்’ என்று பெயர் வைத்தார். மின்னஞ்சலிலும் செய்திச் செயலிகளிலும் கைமாறும் இணைப்புகள் தளத்தின் கணக்குப் புத்தகத்தில் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் ‘நேரடி வருகை’ என்றே பதிவாகின்றன. அவர் பார்த்தவரை சமூக வழியாக வந்தவர்களில் பெரும்பங்கு இப்படித்தான் வந்தார்கள்.

நம் ஊரில் இதை விளக்கத் தேவையே இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு தந்த கணக்கின்படி இந்தியாவில் வாட்ஸ்அப் பயனர்கள் 53 கோடி, ஃபேஸ்புக் 41 கோடி, இன்ஸ்டாகிராம் 21 கோடி, ட்விட்டர் 1.75 கோடி. சேலை வியாபாரம் வாட்ஸ்அப் குழுக்களில் எப்படி நடக்கிறது என்பது தெரிந்ததே. காலையில் படங்கள் வந்து விழும். ‘சிங்கிள் பீஸ்’, ‘ரீசெல்லர்ஸ் வெல்கம்’ என்று கீழே எழுதியிருக்கும். பிடித்தவர் அந்தப் படத்துக்கு மறுமொழியாக ‘புக்ட்’ என்று போடுவார். ஜிபேயில் பணம் போகும். அடுத்த குழுவுக்கு அந்தப் படம் அவர் கையிலிருந்தே போகும். ஆகவே ஐந்து பொத்தான் வேண்டாம். வாட்ஸ்அப்புக்கு ஒன்று, அதுவும் வெறும் இணைப்பாக. கூட ஒன்று வைப்பதென்றால், கைப்பேசியின் சொந்தப் பகிர்வுப் பலகையைத் திறக்கும் பொத்தானை வைக்கலாம். 2017இலிருந்து ஆண்ட்ராய்டு குரோமிலும் 2019இலிருந்து சஃபாரியிலும் அதற்கு வசதி இருக்கிறது. எந்தச் செயலி வேண்டும் என்று பார்ப்பவரே தேர்ந்துகொள்வார். வெளியார் துண்டு எதுவும் பக்கத்துக்குள் வராது.

பகிர்ந்தால் எவ்வளவு தூரம் போகும்? ‘வைரல்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. தளத்துக்கு 100 பேர் வருகிறார்கள், ஐந்து பேருக்கு ஒருவர் வீதம் இன்னொருவரை வரவைக்கிறார் என்று கொள்வோம். அந்த 100 பேரால் 20 பேர், அந்த 20 பேரால் 4 பேர், அதன் பிறகு ஒருவர்கூட முழுதாக இல்லை. மொத்தம் 125. இரண்டு பேருக்கு ஒருவர் என்றால் மொத்தம் 200. ஒருவருக்கு ஒருவருக்கு மேல் என்று ஆனால்தான் அது நிற்காமல் பெருகும். தொற்றுநோய்க் கணக்கும் இதுதான். 19ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன என்று பார்க்கப் போட்ட கணக்கும் இதுவே. ஒன்று என்ற அந்தக் கோட்டைத் தாண்டும் பகிர்வு மிக மிக அபூர்வம். 2012இல் ஷரத் கோயல், டங்கன் வாட்ஸ், டேனியல் கோல்ட்ஸ்டீன் மூவரும் ஏழு விதமான இணையப் பரவல்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை முதல் கைமாற்றத்தோடு நின்றுவிட்டன.

இதைக் கேட்டுச் சோர்வடைய வேண்டியதில்லை. வாட்ஸும் ஜோனா பெரெட்டியும் 2007இல் எழுதிய கட்டுரையில் இதையே கடைக்காரருக்குச் சாதகமாகத் திருப்பினார்கள். பரவல் ஒன்றுக்குக் கீழே இருந்தாலும் அது பெருக்கல்தான்; 100ஐ 125 ஆக்குவது, 1,000ஐ 1,250 ஆக்கும். ஆகவே தொடக்க எண்ணைப் பெரிதாக்கு என்றார்கள். வைரல் ஆகுமா என்று காத்திருக்கும் நெசவாளருக்கு நான் சொல்வதும் அதுதான். கண்காட்சியில் வாங்கிப் போனவர், தறியைப் பார்க்க வீடு தேடி வந்தவர், முன்பு ஒரு சேலை எடுத்தவர், இவர்கள் ஒவ்வொருவருக்கும் இணைப்பு நேரே போக வேண்டும். அனுப்புவதற்கு அவர்களின் சம்மதமும் எண்ணும் வேண்டும். அது நோட்டில் இருந்தால்கூடப் போதும்.

அடுத்தது, அனுப்பினால் எதிர்முனையில் என்ன தெரிகிறது என்பது. இங்கேதான் தளங்கள் அதிகம் சறுக்குகின்றன. இணைப்போடு ஒரு சிறு அட்டை வருமே, படமும் தலைப்பும் ஒரு வரி விளக்கமுமாக, அது தானாக வருவதல்ல. பக்கத்தின் தலைப்பகுதியில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ‘தலைப்பு இது, படம் இது, விளக்கம் இது’ என்று எழுதிவைக்க வேண்டும். ‘ஓப்பன் கிராஃப்’ என்ற இந்த முறையையும் ஃபேஸ்புக்தான் 2010இல், லைக் பொத்தானை விட்ட அதே நாளில், கொண்டுவந்தது. பொத்தான் போய்விட்டது, இந்த முறையை இன்று ஏறத்தாழ எல்லாச் செயலிகளும் பின்பற்றுகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்சின் இன்ரியா ஆய்வகமும் 2016இல் பார்த்தபோது, ட்விட்டரில் பகிரப்பட்ட இணைப்புகளில் 59 சதவீதத்தை ஒருவர்கூட அழுத்திப் பார்க்கவில்லை. அப்படியென்றால் பலருக்குக் கடை என்பது அந்த அட்டைதான். உள்ளே வந்து பார்ப்பார்கள் என்று நம்பி விலையையோ நாரின் பெயரையோ உள்ளே ஒளித்துவைக்கக் கூடாது.

அட்டைக்கான படத்துக்கு வழக்கமான அளவு அகலம் 1,200, உயரம் 630 புள்ளிகள். சேலைப் படமோ நெட்டுக்குத்தாக எடுப்பது. பெண் நிற்கிறார், கொசுவம் தரை தொடுகிறது. அதை அப்படியே கொடுத்தால் செயலி மேலும் கீழும் வெட்டிவிடும். தலையும் இல்லை, கரையும் இல்லை, நடுவில் இடுப்பு மட்டும் தெரியும். அட்டைக்கென்று தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும். முந்தானையைப் படுக்கை வசமாக விரித்து, சாய்வான வெளிச்சத்தில் எடுத்தால் வாழைநாரின் மினுக்கமும் இழையின் ஏற்ற இறக்கமும் சிறு படத்திலேயே பிடிபடும். படம் எடை குறைவாகவும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள் 2016இலிருந்து முனைக்கு முனை பூட்டப்பட்டவை. நடுவில் இருக்கும் சர்வரால் இணைப்பைப் படித்து அட்டை தயாரிக்க முடியாது. அனுப்புகிறவர் கைப்பேசியே தளத்துக்குப் போய்ப் படத்தை எடுத்துவந்து அட்டையைச் செய்கிறது. கேமராவிலிருந்து இறக்கிய பல எம்பி படத்தை அப்படியே போட்டால், சிக்னல் மந்தமான இடத்தில் அட்டை வருமுன்பே செய்தி போய்விடும். பெறுகிறவருக்கு வெறும் முகவரி மட்டும் தெரியும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். இணைய முகவரிகள் ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து வகுத்தவை. ‘அ’ என்ற எழுத்துக்கு யூனிகோடில் 2949 என்று எண். அது அனுப்பப்படும்போது 224, 174, 133 என்று மூன்று பைட்டுகளாகிறது. முகவரிக்குள் வந்தால் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ‘அனகாபுத்தூர்’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினிக்குப் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி. ஆக 12 குறிகள், 36 பைட்டுகள், முகவரியில் 108 எழுத்துகள். பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைத்துவிட்டு, அதை ஒருவர் நகலெடுத்துக் குழுவில் ஒட்டினால், சதவீதக் குறிகளாக நாலைந்து வரிக்கு ஒரு புரியாத சரம் விழும். வங்கி மோசடி இணைப்புகளைப் பற்றித் தினமும் எச்சரிக்கை கேட்டுப் பழகியவர் அதைத் தொடவே மாட்டார். தமிழ் தலைப்பில் இருக்கட்டும், விளக்கத்தில் இருக்கட்டும், படத்தில் இருக்கட்டும். முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில் குட்டையாக இருப்பது நல்லது. ஊர்ப் பெயரைச் சுருக்காமல் வைத்தால் போதும்.

வாட்ஸ்அப் பொத்தானில் முன்கூட்டியே எழுதிவைக்கும் வாசகத்திலும் ஒரு கண்ணி உண்டு. ‘பருத்தி & வாழைநார்ச் சேலை’ என்று எழுதி, அந்த ‘&’ குறியை முறைப்படி மாற்றாமல் விட்டால், இணைப்பின் இலக்கணத்தில் அந்தக் குறிக்கு ‘இத்தோடு இது முடிந்தது, அடுத்தது வேறு’ என்று பொருள். அனுப்புகிறவர் கைப்பேசியில் ‘பருத்தி’ என்று மட்டும் வந்து நிற்கும். சேலையும் இல்லை, முகவரியும் இல்லை. தளம் செய்தவர் தன் கணினியில் சரியாக இருக்கிறது என்பார். ஆகவே பொத்தானை வைத்த அன்றே வீட்டில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்து மனைவிக்கோ மகனுக்கோ அனுப்பிப் பார்த்துவிட வேண்டும். வாட்ஸ்அப் வழி வந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பொத்தானின் முகவரி வாலில் ஒரு சிறு அடையாளத்தைச் சேர்த்தால் போதும். வந்தவர் யார் என்று தெரியாது, எந்த வாசலால் வந்தார் என்பது மட்டும் தெரியும். கடைக்காரர் அறிய வேண்டியதும் அவ்வளவுதான்.

என்ன செய்தாலும் பாதிப் பேர் இணைப்பை விட்டுவிட்டுப் படத்தை மட்டும்தான் அனுப்புவார்கள். படம் கைமாறிக் கைமாறி நாலாவது குழுவுக்குப் போகும்போது நெய்தவர் பெயரும் ஊரும் கழன்றுவிடும். விசைத்தறித் துணிக்காரர் ஒருவர் அதே படத்தைத் தன் சரக்கு என்று போடவும் வழி உண்டு. அதனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும், வெட்டினால் சேலையும் சேர்ந்து வெட்டுப்படும் இடத்தில், ஊரின் பெயரும் தளத்தின் முகவரியும் இருக்க வேண்டும். இது பகிர்வுப் பொத்தான் செய்யாத வேலையைச் செய்யும்.

கைத்தறிச் சேலை ஒன்றே ஒன்றுதான் இருக்கும், விற்றுவிட்டால் தீர்ந்தது. பலர் விற்றதும் பக்கத்தை அழித்துவிடுகிறார்கள். ஆனால் குழுவில் விழுந்த இணைப்பு அழிவதில்லை. ஆறு மாதம் கழித்துக் கல்யாணத்துக்குச் சேலை தேடும் ஒருவர் பழைய உரையாடலில் மேலே மேலே தள்ளிப்போய் அதைத் தொடுவார். ‘பக்கம் இல்லை’ என்று வந்தால் அவர் திரும்பி வரமாட்டார். பக்கம் அப்படியே இருக்கட்டும். மேலே ‘இது விற்றுவிட்டது’ என்று ஒரு வரி, கீழே இதே நாரில் இப்போது தறியில் இருப்பவற்றின் படங்கள், கேட்டு எழுத ஓர் இணைப்பு. ஒருமுறை வைத்த முகவரியை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது. தளத்தைப் புதிதாகச் செய்தாலும் பழைய முகவரிகள் புதியவற்றுக்குத் திருப்பிவிடப்பட வேண்டும். டொமைன் பெயர் தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இல்லாமல் நெசவாளரின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். அதைப் புதுப்பிக்கும் தேதி வீட்டுக் காலண்டரில் இருக்க வேண்டும்.